ஆளில்லாக் காரும் அப்பாவின் சேமநிதியும்



தோட்டத்தை விட்டு ஈப்போவில் குடியேறிய ஒரு தாயார் கேட்கிறார்: "அப்பாவின் சேமநிதிப் பணத்தில் கார் வாங்கினோம், மகன் கிராப் ஓட்டுகிறான். இனிக் கார் தானே ஓடுமாமே, அதை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாமா?"

அமெரிக்காவின் பீனிக்ஸ் வட்டாரத்தில் 2020 முதல் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார்கள் பொதுமக்களை ஏற்றுகின்றன. ஆனால் 2024 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டம் அத்தகைய காரை நொறுக்கித் தீ வைத்தது. அது பெரிய நிறுவனத்தின் கார், தாங்கிக்கொண்டது. நம் கார் என்றால்? தீ வேண்டாம் அம்மா, பின் இருக்கையில் டுரியான் பையை வைத்தாலே தடுக்க ஆள் ஏது!

அந்தக் கார் வரும்போது வரட்டும். மகன் ஓட்டும் காருக்கு இன்று காவல் எது? சாதாரணத் தனியார் காப்புறுதி, கூலிக்கு ஆள் ஏற்றும் ஓட்டத்தைச் சேர்ப்பதில்லை. பயணியோடு மோதினால் இழப்பீடு மறுக்கப்படலாம், கடனோ நின்றுவிடாது. 2019 முதல் ஓட்டுநருக்கு பி.எஸ்.வி. லைசென்ஸும் காருக்கு அனுமதியும் சட்டப்படி தேவை. மகனுடைய காப்புறுதிப் பத்திரத்தை இன்றிரவே பிரித்துப் பாருங்கள். இ-ஹெய்லிங் சேர்ப்பு அதில் இல்லையென்றால், நாளை முதல் பயணியை ஏற்றுமுன் ஏஜெண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.