பிள்ளைகள் வாசிக்கும் நற்செய்தி



சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கொன்றில், ஒரு மாலை வேளையில் தந்தை ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்குமனைக்கு வந்தார். மகன் உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். "சுவாமி, இவன் இப்போது ஞாயிறு பூசைக்கு வருவதில்லை. ரியூசன் என்று சாட்டுச் சொல்கிறான். நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றார் தந்தை.

மகன் சற்று நேரம் தலைகுனிந்திருந்தான். பின்னர் மெல்லச் சொன்னான்: "பாதர், ரியூசன் எட்டு மணிக்குத்தான். ஆறு மணிப் பூசைக்கு வரலாம். ஆனால் அப்பா வேலிப் பிரச்சினையால் ஏழு வருடமாகப் பெரியப்பாவோடு கதைப்பதில்லை. பெரியம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட எங்களைப் போகவிடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மன்னிப்பைப் பற்றித்தானே செபிக்கிறோம்?"

தந்தை பதில் சொல்லவில்லை. உண்மையில், என்னிடமும் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. அவர்கள் இருவரின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டாது இதனை எழுதுகின்றேன். ஏனெனில், அன்று அவ்விளைஞன் கேட்ட கேள்வி எமது இல்லங்கள் பலவற்றில் வாய்திறந்து கேட்கப்படாமலேயே இருக்கின்றது.

"இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை" என்று நாம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கிறோம். கைத்தொலைபேசியைக் குற்றம் சாட்டுகிறோம். தனியார் வகுப்புக்களைக் குற்றம் சாட்டுகிறோம். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் மறைக்கல்வி ஆசிரியர் வாரத்தில் ஒரு மணிநேரம் கற்பிப்பதைப் பிள்ளை எஞ்சிய நேரமெல்லாம் தன் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததை நினைவூட்டுகின்றார். அவ்விரு பெண்களும் ஆற்றிய மறையுரைகள் எவையும் விவிலியத்தில் இல்லை. அவர்கள் வாழ்ந்த விதமே அந்த இளைஞரை உருவாக்கியது. இக்காலத்து மனிதர் போதகர்களை விடச் சாட்சிகளுக்கே அதிகம் செவிமடுக்கின்றனர் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975 ஆம் ஆண்டில் எழுதியதன் கருத்தும் இதுவே.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்லவேண்டியதில்லை. 1658 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. 1687 ஆம் ஆண்டு கோவாவிலிருந்து புனித யோசப் வாஸ் அடிகளார் ஓர் ஏழையின் கோலத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எம் முன்னோர் குருக்களின்றியே வாழ்ந்தனர். அடிகளார் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவருடைய முகம் மலர்கின்றது என்று கவனித்தார். இவ்வாறே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுகொண்டார். சில்லாலைக் கிராமம் அவரது பணிக்குத் தளமாயிற்று.

சிந்தித்துப் பாருங்கள். ஒல்லாந்தர் வந்தபோது குழந்தைகளாய் இருந்தோர் அப்போது பெற்றோராகியிருந்தனர். அவர்களுக்குப் பின் பிறந்தோர் குருவானவர் ஒருவர் வெளிப்படையாகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க அங்கு கண்டதில்லை. மறைக்கல்வி வகுப்பு இல்லை, திருவிழா இல்லை, பவனி இல்லை. ஆயினும் செபமாலை அவர்களுக்கு அந்நியமாய் இருக்கவில்லை. பெற்றோர் அதற்காக எதை இழக்கத் துணிந்தனர் என்பதைப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கண்டிருந்தனர். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது, அப்பெயரறியாப் பெற்றோரும் எம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அவர்களிடம் ஆலயங்கள் இல்லை, விசுவாசம் இருந்தது. எம்மிடமோ ஆலயங்கள் இருக்கின்றன, ஒலிபெருக்கிகள் இருக்கின்றன, பக்திச் சபைகள் இருக்கின்றன. எம் பிள்ளைகள் வீட்டில் எதைக் காண்கின்றனர்? நற்கருணை வாங்கிய நாவு, வீடு திரும்பும் வழியிலேயே அயலவரைத் தூற்றுவதையா? செபமாலை முடிந்த கையோடு சீதனப் பேச்சில் பேரம் தொடங்குவதையா? இக்கேள்வி எம்போன்ற குருக்களுக்கும் உரியதே. பீடத்தில் நாம் அன்பைப் பற்றிச் சொல்வதைப் பீடப் பணிச் சிறுவர் கேட்கின்றனர். பின்னர் ஆலயப் பணியாளரோடு நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் கவனிக்கின்றனர்.

அப்படியானால் குறையற்ற பெற்றோரால் மட்டுமே விசுவாசத்தைக் கையளிக்க முடியுமா? இல்லை. அப்படிப்பட்ட பெற்றோர் எங்குமில்லை. பிள்ளைகள் எம்மிடம் தேடுவது குறையின்மையை அல்ல, நேர்மையையே. கோபத்தில் சொன்ன சொல்லுக்காகப் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்கும் தாய், கடைக்காரர் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த மிச்சக் காசைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும் தந்தை, களைப்போடும் பத்து நிமிடம் குடும்ப செபத்துக்கு முழந்தாளிடும் பேரன்: இவர்களே பிள்ளைகள் முதலில் வாசிக்கும் நற்செய்தி.

அன்று வந்த தந்தையின் கதைக்குத் திரும்புவோம். இரண்டு வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல், அவர் மகனையும் கூட்டிக்கொண்டு தம் அண்ணன் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனார். வேலிப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடவில்லை. மகனும் அடுத்த ஞாயிறே ஆலயத்துக்கு ஓடி வந்துவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான்; அப்படி நடக்கவில்லை. பல மாதங்களின் பின், தவக்காலத்தில் ஒருநாள், ஆலயத்தின் கடைசி வாங்கில் அவனைக் கண்டேன். அவனுக்கு நான் எந்தப் புத்தியும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை அவனது தந்தை அந்தப் படலையடியில் சொல்லிவிட்டிருந்தார்.

அன்பான பெற்றோரே, நாம் திறக்காதிருக்கும் படலை எது? இவ்வாரம் அதனைத் திறக்க முயல்வோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செல்வோம். புனித யோசப் வாஸ் அடிகளார் எமது குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக.