சண்டை மீனும் தடுப்புத் தொட்டியும்

வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் நிலங்களிற் பெரும்பகுதி மானாவாரியே. வைப்பாற்றின் குறுக்கே அணை ஒன்று இருந்தபோதிலும், புன்செய்க் குடியானவர் வடகிழக்குப் பருவமழையையே எதிர்நோக்கியிருக்கின்றனர். பட்டாசுத் தொழிலோ வெயிலை நம்பியது. மழை பிடித்துக்கொண்டால் உலர்த்த வகையின்றி வேலை குறைந்துபோகும். நிலத்துக்கு மழை வேண்டும், பட்டாசுக்கு வெயில் வேண்டும் என்ற நிலையில், இரண்டிலும் கால் வைத்துள்ள குடும்பங்கள் வீட்டு நிழலிற் செய்யத்தக்க உபதொழில் ஒன்றை நாடுவது இயல்பே. சென்னையை அடுத்த கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்புப் பல குடும்பங்களுக்குப் பிழைப்பாக விளங்குவதைக் கேள்வியுற்று, இங்கும் சிலர் சண்டை மீன் வளர்க்க ஆவல் கொண்டுள்ளனர். ஆவல் நல்லதே, ஆயின் அதற்கு முன் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

கடைகளில் பைட்டர் மீன் என்றும் பெட்டா என்றும் விற்கப்படுவது இம்மீன். இதன் பூர்வீகம் சயாம் தேசம். தாய்லாந்து என்று இன்று வழங்கும் அந்நாட்டார் 2019-ஆம் ஆண்டில் இதைத் தமது தேசிய நீர்வாழ் பிராணியாக அறிவித்தனர். செவுள்களால் மட்டுமன்றி, தலையினுள் அமைந்த தனி உறுப்பொன்றினாலும், நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்க இது வல்லது. ஆதலால் குறைந்த ஜலத்திலும் உயிர் தரிக்கும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊருக்கு இது தகுந்த மீன் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதன் ஆண் மீன்கள் ஒன்றையொன்று கண்டால் விடா. சேவற்கட்டுச் சேவல்கள் இரண்டை ஒரே பஞ்சாரத்தில் கவிழ்ப்பார் எவருமிலர். இம்மீனுக்கும் அவ்விதியே பொருந்தும். ஆண் மீன் நீர்மேல் நுரைக்கூடு கட்டும்; பெண் இடும் முட்டைகளை அதிற் சேர்த்து இரண்டொரு நாள் காத்துப் பொரிக்கச் செய்யும். ஓர் ஈற்றில் சில நூறு முட்டைகள் கிடைப்பதும் உண்டு. இத்தொகையைக் கண்டு புதியவர் இலாபக் கணக்குப் போடத் தொடங்குகின்றனர். முட்டையை எண்ணுமுன் அறையை எண்ணவேண்டும் என்பதே இத்தொழிலின் முதற் பாடம்.

ஓர் ஈற்றில் 120 குஞ்சுகள் பிழைத்து, அவற்றிற் பாதி ஆண்களாயின் என்ன ஆகும்? ஏறக்குறைய இரண்டு மூன்று மாதத்தில் அவை சண்டையிடத் தொடங்கும். அப்பொழுது 60 அறைகள் வேண்டும். அறை இல்லாதவன் கிழிந்த செதிலும் அறுந்த வாலும் கொண்ட மீன்களையே கண்டு நிற்பான். அம்மீன்களை வியாபாரி ஏறெடுத்தும் பாரான். கடன் வாங்கிக் குஞ்சு பொரித்தவனுக்கு வட்டி மட்டுமே மிஞ்சும்.

ஆகவே தடுப்புத் தொட்டியை முதலில் அமைக்கவேண்டும். அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நீளம் 3 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி கொண்ட கண்ணாடித் தொட்டியில் 10 அங்குலம் ஜலம் நிறுத்தினால் சுமார் 70 லிட்டர் பிடிக்கும். மூன்று தடுப்புகள் வைத்தால் 9 அங்குல அறைகள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 17 லிட்டர். வளரும் குஞ்சுகளுக்கு 6 அங்குல அறைகள் ஆறு போதும். மேற்கூறிய 60 மீன்களுக்கு அத்தகைய தொட்டிகள் பத்து. கண்ணாடியின் கனம் 5 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஒட்டுவதற்கு மீன் தொட்டிக்குரிய சிலிக்கோன் பசையே ஏற்றது; குளியலறைக்கென விற்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பசை ஆகாது. ஒட்டியபின் காடி நெடி முற்றும் நீங்கும்வரை சில நாள் உலரவிட்டு, ஒரு நாள் ஜலம் நிரப்பிக் கசிவு பார்த்து, சமனான பலகையின்மேல் தெர்மாகோல் விரித்து வைக்கவேண்டும்.

தடுப்பே இத்தொட்டியின் உயிர். செலவு குறையும் என்று தெளிந்த கண்ணாடியையே தடுப்பாக வைப்போர் உண்டு. இது தவறு. அடுத்த அறை மீனை ஓயாமற் பார்த்துப் பார்த்து, செவுளை விரித்து முட்டி முட்டி, ஆண் மீன் இரை எடாமல் இளைத்துவிடும். மறைப்புள்ள நெகிழித் தகடே தகுந்தது. நீர் ஓட்டத்துக்காக அடிப்பக்கத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத துளைகள் சில இட்டு, பிசிறுகளைத் தேய்த்து வழவழப்பாக்கவேண்டும். இன்றேல் செதில்கள் கிழியும். இம்மீன் துள்ளும் இயல்பினது. எனவே தடுப்பு மூடிவரை எட்டவேண்டும். மூடியோ காற்றுப் புகும் வலையாயிருக்கவேண்டும்.

ஒவ்வொரு மீனையும் தனித்தனிப் போத்தலில் வைத்தால் என்ன என்று சிலர் வினவுவர். போத்தல் கடைக்காரனுக்கு உதவும். வளர்ப்போன் அறுபது போத்தல்களுக்கு அடிக்கடி நீர் மாற்றுவது வீண் பிரயாசை. கழிவினால் சிறு போத்தலின் ஜலம் விரைவில் நஞ்சாகும். எனினும் தடுப்புத் தொட்டிக்கும் ஒரு குறை உண்டு: ஜலம் பொதுவாதலால் ஓர் அறையின் நோய் எல்லா அறைக்கும் பரவும். புதிய மீனை இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்த பின்னரே தொட்டியிற் சேர்க்கவேண்டும்.

வாரந்தோறும் ஜலத்திற் கால்பங்கை மாற்றினாற் போதும். அது இரண்டு குடத்துக்கு மேற்படாது. கழித்த நீர் முருங்கைக்கும் கத்திரிக்கும் நல்ல உரம். குழாய் ஜலத்தைக் குளோரின் நீங்க ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்து ஊற்றவேண்டும்; உவர்க் கிணற்று நீருடன் மழை நீரைக் கலப்பது நலம். பட்டாசு வேலையிலிருந்து திரும்புவோர் மருந்துத் தூசி படிந்த கையைத் தொட்டியில் இடலாகாது.

2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும் மானியம் வகுக்கப்பட்டது. இத்தகைய உதவிகளுக்கு மனு எழுதித் தரும் கிராம அலுவலரும் ஊராட்சியாரும், மனுதாரரிடம் எத்தனை மீன் என்று கேட்பதை விட எத்தனை அறை என்று கேட்பது மேலாகும். மிஞ்சிய மீனைக் கண்மாயில் விடுதல் கூடாது என்பதையும் அவர்கள் எடுத்துரைக்கவேண்டும். அயல் மீன் நம் நீர்நிலைக்கு உரியதன்று.

முதலாண்டில் ஒரே தொட்டி, நான்கே மீன். அவற்றை ஊனமின்றி ஓராண்டு காத்த குடும்பம் பின்னர் முட்டையைப் பற்றி யோசிக்கலாம். நாற்றங்கால் பாவுமுன் நடவு வயலை உழுது வைப்பது குடியானவருக்குப் புதிய பாடமன்று.