பாறையின் வேகமும் துளையின் சாட்சியமும்

சேலம், தர்மபுரி, கோயமுத்தூர் ஜில்லாக்களின் மிராசுதார்களுக்குக் கரும்பாறையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேலே மண், அதன்கீழ் சிதைந்த கல், அதற்கும் கீழ் உடையாத பாறை. அப்பாறையில் எந்த வெடிப்பில் ஜலம் நிற்கிறதென்பதே விஷயம். இதனை நிலத்தின்மேல் நின்றுகொண்டு நிச்சயமாய்ச் சொல்லிவிடலாமென்று நம்புவோர் மேல்நாட்டில் நடந்ததொன்றைக் கவனித்தல் நலம்.

நிலத்தில் ஓர் அதிர்வை உண்டாக்கினால் அது அலையாகப் பாறையினூடே ஓடும். வெடிப்பற்ற கருங்கல்லில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 5.5 முதல் 6 கிலோமீட்டர். ஜலத்திலோ சுமார் 1.5 கிலோமீட்டரே. ஆகவே வெடிப்பு மலிந்த பாறையில் அலை தாமதிக்கும்; அதன் வலுவும் குன்றும்.

ருஷியாவின் வடமேற்கே கோலா தீபகற்பத்தில் 1970-ஆம் வருஷம் தொடங்கிய துளை 1989-இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டிற்று. சுமார் 7 கிலோமீட்டரில் கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்குமென்று நிபுணர்கள் அலைவேகத்தைக் கொண்டு எதிர்பார்த்திருந்தனர். துளை அங்கே சென்றபோது பசால்ட் இல்லை. வெடித்து ஜலம் ஊறிய உருமாறிய பாறையே இருந்தது. அலையின் வேகம் மாறியது மெய்; அதற்குக் கொண்ட பொருளே பிழை.

இத்தகைய பிழையைத் திருத்துவது துளைக்குள்ளேயே செய்யும் அளவை. கருவியொன்றை வடத்தில் இறக்கித் துளைச்சுவரில் பற்றச்செய்து, மேலே எழுப்பிய அதிர்வு ஒவ்வோர் ஆழத்திற்கும் எத்தனை நேரத்தில் வருகிறதென்று குறிப்பர். இரண்டு ஆழங்களுக்குமுள்ள கால வித்தியாசம் இடைப்பட்ட பாறையின் வேகத்தைத் தரும். தூரத்தால் இயல்பாகக் குறைவதைக் கழித்தபின் அலை எவ்வளவு மங்கிற்றென்பதையும் கணக்கிடுவர். வேகத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கே. நுண்ணிய அதிர்வுகள் திடீரென மங்குமிடத்தில் வெடிப்பிருக்கிறதோவென்று சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவு செலவு கிராமத்திற்கு வேண்டுவதில்லை. வேண்டுவது ஒரு நோட்டுப்புத்தகம். இப்பொழுது துளைபோடும் லாரி ஓரிரவில் பல நூறு அடி இறங்கிவிட்டுப் போய்விடுகிறது. எத்தனையாவது அடியில் பாறை தட்டிற்று, எங்கே துகள் ஈரமாயிற்று, ஜலம் எவ்வளவு வந்தது என்று எழுதிவைப்பார் அரியர். பட்டாதாரர் இவற்றை அன்றைக்கே குறித்துக்கொடுத்து, கிராம அதிகாரி சர்வே நம்பர்வாரியாகப் பதிந்துவைக்கலாம். ஜலம் வராத துளையையும் விடலாகாது. அடுத்த வயற்காரர் கடன் வாங்குமுன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கோலாவில் அத்தனை ஆழத்திலும் ஜலம் இருந்ததேயென்று சொல்லி இன்னும் ஆழமாகத் துளைக்கத் தூண்டுவோர் இருப்பின், ஜெர்மனியின் பவேரியாவில் நடந்ததையும் சொல்லவேண்டும். அங்கே விண்டிஷெஷன்பாக் ஊரில் 4 கிலோமீட்டர் ஆழமுள்ள சோதனைத் துளையிலிருந்து 2002, 2003-ஆம் வருஷங்களில் நெடுநாள் இறைத்துப் பார்த்தார்கள். வந்தது உப்புநீர்.