எடை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நீங்கள் வெளியிட்ட, புற்றுநோயாளிகளுக்கான உணவுக் கட்டுரை பயனுள்ளது. ஆனால் சத்துக்குறைவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விட்டுவிட்டீர்கள். கீமோவுக்குப் போகும்போதெல்லாம் என் அப்பாவின் எடையை மருந்தளவுக்காகக் குறித்துக்கொள்வார்கள். பழைய எடையோடு ஒப்பிட ஆளில்லை. ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்கிறது 2019இல் வெளியான, சத்துக்குறைவைக் கண்டறியும் 'கிளிம்' சர்வதேச அளவுகோல். 60 கிலோ ஆளுக்கு அது வெறும் 3 கிலோ! வயிற்றில் நீர் கோத்திருந்தால் அந்தக் குறைவும் தெரியாது. குண்டாக இருப்பவருக்கும் தசை கரையும். ரத்தத்தில் ஆல்புமினை மட்டும் நம்பவும் முடியாது. அழற்சி இருந்தாலும் அது இறங்கும்.

பசி, வாய்ப்புண், விழுங்கும் சிரமம், தெம்பு பற்றியெல்லாம் கேட்கும் பி.ஜி.-எஸ்.ஜி.ஏ. என்ற சத்துநிலை மதிப்பீட்டுப் படிவத்தின் முதல் பகுதியை நோயாளியே நிரப்பலாம். காத்திருக்கும் நேரத்துக்கா பஞ்சம்? மருத்துவமனையில் டோக்கனோடு அந்தப் படிவத்தையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கட்டும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்