பழைய பவுண்டு நோட்டும் பாகப்பிரிவினையும்



இலண்டனில் நெடுங்காலம் உழைத்து, ஊர் திரும்பி வஃபாத்தான ஒரு பெரியவரின் பெட்டியில் பழைய இங்கிலாந்து வங்கி நோட்டுகள் ஒரு கட்டு கிடைத்தன. பாகப்பிரிவினைக்காக என்னையும் அழைத்திருந்தார்கள். மூத்த மகன், "இவை செல்லாக் காகிதங்கள். வாப்பாவின் நினைவாக நானே வைத்துக்கொள்கிறேன்" என்றார். இளையவரோ கைப்பேசியை நீட்டி, "இதே நோட்டுக்கு ஐயாயிரம் பவுண்டு கேட்கிறார்கள், பாருங்கள்" என்றார். பெண்மக்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணன்மார் இருவர் சொன்னதும் தவறு. அத்தவற்றால் பறிபோக இருந்தது அப்பெண்மக்களின் பங்கு.

முதலில் மூத்தவரின் வாதம். பத்து ஷில்லிங் நோட்டு 1970இலும், ஒரு பவுண்டு நோட்டு 1988இலும், காகிதத்தாலான இருபது, ஐம்பது பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30இலும் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. கடைகளில் அவை செல்லா என்பது மெய். ஆயினும் தான் வெளியிட்ட எந்த நோட்டுக்கும் காலவரையறையின்றி முகமதிப்பைத் தருவதாக இங்கிலாந்து வங்கி உறுதியளித்துள்ளது. இலண்டன் திரெட்நீடில் தெருவிலுள்ள அதன் தலைமையகத்தில் நேரிலும் மாற்றலாம், அஞ்சலிலும் அனுப்பலாம். ஆகவே எந்த நோட்டும் அதன் முகமதிப்புக்குக் கீழே இறங்காது. அதைச் 'செல்லாக் காகிதம்' என்று ஒதுக்கிக்கொள்வது, அறியாமையால் நேர்ந்தாலும், பிற வாரிசுகளின் உரிமையில் கைவைப்பதே ஆகும்.

இனி இளையவரின் வாதம். இணையத்தில் எவரும் எவ்விலையும் கேட்கலாம். கேட்கும் விலை விற்பவரின் ஆசை; வாங்கியவர் கொடுத்த விலையே மதிப்பு. பழமை மட்டுமே விலையை உயர்த்துவதில்லை. நோட்டில் ஒப்பமிட்ட தலைமைக் காசாளர் யார், வரிசை எண்ணின் முன்னெழுத்து எது, அது முதல் அச்சோட்டமா, பழுதடைந்த நோட்டுக்கு மாற்றாக அச்சிடப்பட்டதா, எல்லாவற்றுக்கும் மேலாக நோட்டின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். மடிப்பு, ஊசித்துளை, கறை ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும். அப்பெட்டியில் இருந்தவற்றுள் பெரும்பாலானவை, நியூட்டன் உருவம் பொறித்த, கைமாறிக் கசங்கிய ஒரு பவுண்டு நோட்டுகள். கோடிக்கணக்கில் அச்சிடப்பட்ட அவை, அந்நிலையில் முகமதிப்பைவிடச் சற்றே கூடுதலாகத்தான் விலைபோகும். ஒருபக்கம் மட்டும் அச்சிட்ட பழைய வெள்ளை ஐந்து பவுண்டு நோட்டு இருந்திருப்பின் கதை வேறு.

"மன்னர் சார்லஸ் படமிட்ட பத்து பவுண்டு நோட்டு 17,000 பவுண்டுக்கு விற்றதே" என்பார்கள். 2024இல் விற்ற அந்நோட்டின் எண் HB01 000002 என்பதை மறைத்துவிடுகிறார்கள். அது அறப்பணிக்காக வங்கியே ஏற்பாடு செய்த ஏலம். அவ்விலையைக் காட்டி நம் பெட்டியிலுள்ள நோட்டை அளப்பது, அரண்மனையின் விலையைச் சொல்லிக் குடிசையை விற்பதற்கு ஒப்பாகும்.

நம்மவரையே குறிவைக்கும் வணிகம் இன்னொன்றும் உண்டு. வரிசை எண்ணில் 786 இருந்தால் 'பரக்கத்தான நோட்டு' என்று பன்மடங்கு விலை சொல்கிறார்கள். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கு அப்ஜத் கணக்கில் எண் கொடுத்துக் கூட்டினால் வரும் தொகை அது. குர்ஆனிலோ நபிவழியிலோ அதற்கு ஆதாரம் உண்டா? சேகரிப்பாளர் விரும்பி வாங்கினால் அது வணிகம். பரக்கத் என்று சொல்லி ஓர் ஏழை உம்மாவின் சேமிப்பைக் கறப்பது மார்க்கத்தை விற்றுப் பிழைப்பதாகும். வாங்கும் எண்ணமின்றிக் கூட்டாளியை வைத்து ஏலத்தை ஏற்றுவது 'நஜ்ஷ்'. மார்க்கம் அதைத் தடுத்துள்ளது. கசங்கிய நோட்டைக் கழுவித் தேய்த்துப் புத்தம்புதியது என்று விற்பதும் குறையை மறைத்து ஏமாற்றுவதே.

அப்படியாயின் மதிப்பிடுவது எங்ஙனம்? வின்சென்ட் டக்கிள்பி தொகுத்த ஆங்கிலேயக் காகிதப் பணப் பட்டியலைப் பார்த்து நோட்டின் வகையை அறியுங்கள். அதே வகை, அதே நிலையிலுள்ள நோட்டு ஏலத்தில் உண்மையாக விற்ற விலையைத் தேடுங்கள். ஏலக்கூடத்தின் கழிவு போக விற்பவர் கைக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிடுங்கள். வாங்க முனைபவரிடமே மதிப்புக் கேளாதீர்கள். ஒருவருக்கு இருவராக விசாரியுங்கள்.

அக்குடும்பத்தினரிடம் நான் சொன்னது இதுதான்: "விலையில் உடன்பாடு வராதெனில் கட்டு முழுவதையும் விற்றுவிடுங்கள். வந்த தொகையை உம்மாவுக்கு எட்டில் ஒன்று, எஞ்சியதில் மகனுக்கு இரண்டும் மகளுக்கு ஒன்றுமாகப் பிரியுங்கள்." தொகை சிறிதாக இருக்கலாம். மறுமையில் நாம் கேட்கப்படுவது தொகையைப் பற்றியன்று, அமானிதத்தைப் பற்றி. பிறர் உரிமையை உண்பதிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.