வாளும் செங்கோலும்

அடிமைத்தளையை அறுக்க எழுந்த மக்கள் சரித்திரத்திலே பலர். எழுந்து, வென்று, தமக்கென ஒரு நாட்டையும் நிறுவியவர் ஹைத்தி மக்கள் மட்டுமே எனலாம். அவர்தம் பெருந்தலைவர் தூசேன் லூவெர்த்தூர். அவரைப் புகழாத சரித்திர ஆசிரியர் அரியர். யானும் புகழ்கின்றேன். எனினும் அவரிடத்திலே இருவரைக் காண்கின்றேன்: ஒருவர் படைத்தலைவர்; மற்றொருவர் ஆட்சித்தலைவர். முன்னவர்க்குத் தலை தாழ்த்துகின்றேன், பின்னவரோடு வழக்காடுகின்றேன்.

புதுவையிலே பிறந்த எனக்கு இஃது அயலார் கதையன்று. ஹைத்தியும் புதுவையும் ஒரு கொடியின்கீழ் இருந்தவை. ஆனந்தரங்கப்பிள்ளையவர்களின் நாட்குறிப்பு, 1743-ஆம் ஆண்டுப் பகுதியிலே, எளிய மக்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றியோரைப் பற்றிக் கூறுகின்றது. அக்காலத்தே நம் கரையினின்று கொண்டுசெல்லப்பட்டோர் மொரீசுத் தீவிலும், இன்று ரெயூனியோன் எனப்படும் பூர்போன் தீவிலும் உழைத்து மாய்ந்தனர்.

1794 பிப்ரவரி 4-ஆம் நாள் பாரிசு மாமன்றம் தன் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் செய்தது. அப்போது புதுவை ஆங்கிலேயர் கையில் இருந்தது. மொரீசுத் தீவின் தோட்ட முதலாளிகளோ, 1796-இல் அச்சட்டத்தை நிறைவேற்ற வந்த அதிகாரிகளைத் திருப்பித் துரத்தினர். பூர்போன் தீவின் அடிமைகள் 1848 வரை விடுதலைக்குக் காத்திருந்தனர். அதே சட்டம், அந்நாளிலே சான் தொமிங்கு எனப்பட்ட ஹைத்தியில் மட்டும் உயிரோடு நின்றதன் காரணம் யாது? சட்டம் பிறக்குமுன்னரே அங்கு மக்கள் எழுந்துவிட்டனர். அவர்கள் கையிலே வாள் இருந்தது.

1791 ஆகஸ்டு மாதத்தில் வடசமவெளியின் கரும்புத் தோட்டங்கள் தீப்பற்றி எரிந்தபோது தூசேனுக்கு வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். அவர் முன்னமே விடுதலை பெற்றவர். குதிரைகளைப் பழக்குவதிலும் மூலிகை மருத்துவத்திலும் வல்லவர். கலைந்து திரிந்த கூட்டத்தினின்று சிலரைத் தெரிந்து, ஒழுங்கு கற்பித்து, ஒரு படையாக்கினார். முதலில் ஸ்பானியரோடு சேர்ந்து பொருதார். 1794-இல் பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் வந்தார். 1798-இல் ஆங்கிலப் படை அத்தீவை விட்டு அகன்றது. 1801-இல் தீவின் கீழ்ப்பகுதியும் அவர் வசமாயிற்று. ஏறக்குறைய 5 இலட்சம் மக்களின் விடுதலையை மூன்று வல்லரசுகளின் நடுவே காத்து நின்ற திறமை எளியதோ?

ஆட்சித் திறத்தை இனி நோக்குவோம். 1801-ஆம் ஆண்டு அவர் வகுத்த அரசியற் சட்டம் அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிந்தது என்றது. அதே சட்டம் அவரை வாழ்நாள் முழுவதும் ஆளுநராக்கி, தமக்குப் பின் வருவோரைத் தாமே குறிக்கும் உரிமையையும் அளித்தது. உழவர், படைவீரர்போலத் தத்தம் தோட்டங்களுக்குக் கட்டுப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அவர் 1800-இல் விடுத்த ஆணை. விளைவிலே நாலில் ஒரு பங்கு உண்டு. தோட்டத்தை விட்டு நீங்கும் உரிமை இல்லை. சிறு நிலம் வாங்கித் தனிக்குடியாய்ப் பயிரிட விழைந்தவர்க்கும் தடை விதித்தார். இதனை வெறுத்து உழவர் 1801-இல் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சிக்குக் காரணர் எனக் கருதி, உறவினரும் தளபதியுமாகிய மோயீசைத் தூசேன் சுட்டுக் கொல்வித்தார்.

இதுபற்றி நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். “சர்க்கரையும் காப்பியும் விளையாவிடின் பொருள் ஏது? பொருளின்றேல் துப்பாக்கி ஏது? துப்பாக்கியின்றேல் மீண்டும் விலங்கே. நேற்று விடுபட்டவரை இன்றே தம் விருப்பின்படி விடுதல் பேதைமை,” என்பது அவர் கட்சி. இவ்வாதம் வலியுடையதே, தூசேனும் இவ்வாறே எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், பின்னர் நிகழ்ந்தது யாது?

1802-இன் தொடக்கத்தில் நெப்போலியன் விடுத்த பெரும்படை ஒன்று வந்திறங்கியது. தூசேனின் தளபதிகள் ஒருவர்பின் ஒருவராய்ப் பகைவர் பக்கம் சென்றனர். தோட்டத்திலே கட்டுண்டிருந்த உழவர் பலர் அவர் அழைப்புக்கு முழுமனத்தோடு எழவில்லை. மே மாதம் அவர் பணிந்தார். ஜூன் மாதம் வஞ்சனையாற் பிடிபட்டார். 1803 ஏப்ரல் 7-ஆம் நாள் பிரான்சின் குளிர்மலைக் கோட்டையொன்றிலே உயிர் நீத்தார். விடுதலையோ மாயவில்லை. 1802 மே மாதச் சட்டம், நன்னம்பிக்கை முனைக்கு அப்பாலுள்ள நம் கடற்புறக் குடியேற்றங்கள் உட்பட, அடிமைமுறையை நிலைநாட்டியது. குவாதலூப்பிலே விலங்கு மீண்ட செய்தி பரவியதும், மலைகளிலே ஆயுதம் வையாதிருந்த பெயரறியாச் சிறுகூட்டங்களின் போர் பெருகியது. தளபதிகள் அவர்களைப் பின்தொடர்ந்து திரும்பினர். 1803 நவம்பர் 18-ஆம் நாள் வெர்த்தியேரில் வெற்றி. 1804 சனவரி முதல் நாள் தெசலீன் தலைமையிலே விடுதலை முரசு. எந்த மக்களைத் தலைவர் நம்பவில்லையோ அந்த மக்களே அவர் தொடங்கியதை முடித்தனர்.

திருவள்ளுவர் படைமாட்சியை ஓர் அதிகாரத்திலும் செங்கோன்மையை வேறோர் அதிகாரத்திலும் வைத்தார். இவற்றை ஒன்றெனக் கொண்டதே தூசேனின் பிழை என்பேன். போர்க்களத்திலே ஒருவன் ஆணையிடப் பலர் நடத்தல் வேண்டும். வயலிலே உழுபவன் தன் நிலத்துக்குத் தானே தலைவனாதல் வேண்டும். அடிமையாயிருந்தவன் விரும்பியது கொடியன்று, சட்டமன்று. தன் குடிசை, தன் கொல்லை, தன் பொழுது. அதனைச் சோம்பல் என்று எண்ணிய தலைவர், விடுதலையின் உட்பொருளையே அறியத் தவறினார்.

அன்பர்களே, தூசேனின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. அவர் இன்றேல் அந்நெருப்பு 1798-க்கு முன்னரே அவிந்திருக்கும். ஆயினும் பெரியோரின் பிழை பெரும்பாடம். தலைமை ஏற்கும் நாள் நமக்கும் வரும். அது சிற்றூர்ப் பள்ளியாயினும் பேரவையாயினும் சரி. “இவர்கள் இன்னும் தகுதி பெறவில்லை” என்னும் சொல் அன்று நம் நாவிலே எழுமாயின், மோயீசைக் கொன்ற துப்பாக்கியின் ஓசையை நினைவுகூர்வோமாக.