கருவிக்கும் காவல் வேண்டும்

முதலியார்பேட்டையினின்று கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவர், தம் மனைவி மக்களிடத்தும் கூறாத நோயை மருத்துவரிடம் கூறக்கூடும். அவ்வந்தரங்கம் வெளிச்செல்லாது என்பதே அவர்தம் நம்பிக்கை. முற்காலத்தில் அதனைக் காக்க மருத்துவரின் நாவடக்கமும் பூட்டிய அலமாரியும் போதும். நோய்க்குறிப்புக்கள் கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட இக்காலத்திலோ, கருவியைக் காத்தலும் மருத்துவ அறத்தின்பாற் பட்டதே என்பது எமது கருத்து.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திரார். கயவர் ஐந்து ஸெர்வர்களுட் புகுந்து, ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள தரவுகளை எவரும் படிக்கவொண்ணாதவாறு பூட்டிவிட்டனர். நோயாளரைப் பதிதல் முதலிய பணிகள் பல நாட்கள் கையெழுத்தாலேயே நடைபெற்றன. வலையமைப்பைத் தக்கவாறு பகுத்து வையாமையே காரணமென்று அரசினர் பாராளுமன்றத்தில் உரைத்தனர். பகைவன் வலிமையினும் நமது சோர்வே பெரிதாயிற்று.

ஏடுகளுக்கு நேர்ந்தது உடலினுள் வைத்த கருவிக்கும் நேரக்கூடும். கருவியினுள் உறைந்து அதனை இயக்கும் கட்டளைத் தொகுதியை 'ஃபர்ம்வேர்' என்பர். இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் பேஸ்மேக்கர்களுட் சிலவற்றில் அயலார் புகுந்து துடிப்பை மாற்றவோ மின்கலத்தை விரைவில் தீர்க்கவோ கூடுமென்று கண்டு, 2017 ஆகஸ்டில் அமெரிக்க அரசினர் ஏறத்தாழ 4,65,000 கருவிகளுக்குப் புதிய ஃபர்ம்வேரை அங்கீகரித்தனர். அதுகாறும் எவர்க்கும் தீங்கு நேர்ந்ததாகச் செய்தியில்லை. மார்பைத் திறவாமல், மருத்துவமனையில் மூன்று நிமிட அளவில் முடியும் பணி அது. வருமுன் காத்தல் இதுவன்றோ?

'மருந்துக்கே பொருள் போதாத நாட்டில் இச்செலவு எற்றுக்கு?' என்பார் உளர். ஆய்வு முடிவு பூட்டுண்டு கிடக்குங்கால் மருந்தை எங்ஙனம் அளிப்பது? காவற்செலவும் சிகிச்சைச் செலவே. 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகின்றது. ஆயினும், களவுபோன கடவுச்சொல்லை மாற்றலாம். வெளிப்பட்ட நோயை மாற்றலாகுமோ? எத்துணைத் தண்டமும் அதனை மீண்டும் மறைக்காது.

மாணவ நண்பர்காள்! உங்களிற் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் பொறியியலாராகவும் எழுத்தராகவும் மருத்துவமனைகளிற் பணிபுரிவீர்கள். கடவுச்சொல்லைப் பிறர்க்கு ஈயாமையும், ஃபர்ம்வேரை உரிய காலத்திற் புதுக்குதலும், ஏடுகளின் படியொன்றை வலையமைப்பினின்று விலக்கி வைத்தலும் சிறு செயல்களே. அவற்றை நாளைக்கென்று தள்ளாதீர்கள். நம்மை நம்பி வாய்திறந்த நோயாளிக்கு நாம் செய்யும் முதல் உதவி அதுவே.